வளையத்தில் கட்டினால் நேராகிவிடும்

மதியம் ஒரு மணிக்கு வெள்ளை வேன் வந்து தோகுஜியை ஏற்றிக்கொண்டு போகும். நாலரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும். அந்த மூன்றரை மணி நேரத்துக்குள் மசாயோ முடித்தாக வேண்டிய வேலை ஒன்று இருந்தது. புருஷன் காலையெல்லாம் உட்கார்ந்து கரண்டிக்காகப் பின்னிய கம்பி வலையை எடுத்து ஒளித்து வைப்பாள். அதே அளவில் இன்னொன்றைப் பின்னி, வளையத்தில் கட்டி, கைப்பிடி முறுக்கி, சுவர் ஆணியில் மாட்டிவிடுவாள். ஜூன் மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாள் தவறாமல் நடந்துவரும் திருட்டு இது. இப்போது நவம்பர்.

அன்றைக்கும் வேன் வந்து நின்றது. பகல்நேர மையத்திலிருந்து அதில் வரும் பெண்ணுக்கு வாய் சும்மா இருக்காது.

"தாத்தா, கெளம்பலாமா? இன்னிக்கு ரப்பர் பந்து அமுக்கணும்."

"யாருடி தாத்தா? எனக்குப் பேரனும் கெடையாது, பேத்தியும் கெடையாது."

"அப்ப அண்ணான்னு கூப்பிடட்டுமா?"

"பேசாம வண்டியில ஏத்து," என்றார் தோகுஜி. பிடித்துக்கொள்ள இடது கையைத்தான் கொடுத்தார். வலது கை, வேறு யாரோ கொடுத்து வைத்த சாமான் போல, மடியோரமாகத் தொங்கியது.

வேன் சந்து திரும்பும்வரை குனிந்து நின்று வழியனுப்பிவிட்டு மசாயோ உள்ளே வந்தாள். எங்கள் ஊர் வீடுகள் தெருவுக்கு முகத்தை மட்டும் காட்டும், உடம்பெல்லாம் பின்னால் நீண்டு கிடக்கும். முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் தோகுஜியின் மரப்பலகை, அதில் வட்டமாக அடித்த ஆணிகள், ஆணிகளுக்கு நடுவே அவர் காலையில் பின்னிய வலை. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். வெந்நீர்ப் பானையிலிருந்து டோஃபு என்கிற மெத்தென்ற சோயாக் கட்டியை உடையாமல் தூக்குவதற்கான கரண்டி அது. செம்புக் கம்பியில் நடுவே ஒரு செவ்வந்திப் பூ, அதைச் சுற்றி ஆமை ஓடு மாதிரி ஆறு பக்கக் கண்ணிகள். ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு முறுக்கு. ஒன்று போதாது, மூன்று கூடாது.

தோகுஜியின் வலையில் ஒன்றும் இருந்தது, மூன்றும் இருந்தது. முறுக்காமல் வெறுமனே மடித்து விட்ட இடங்களும் இருந்தன. பூ ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. இதை அவிழ்த்துத் திருத்தவும் முடியாது. முறுக்கிய செம்பைப் பிரித்து மறுபடி முறுக்கினால் பட்டென்று விட்டுவிடும். செம்புக்கு ஒரு பிழையைத்தான் பொறுக்கத் தெரியும்.

மசாயோ அதை ஆணியிலிருந்து கழற்றி, அரிசிப் பிஸ்கட் வாங்கிய காலி டின்னில் போட்டாள். அது மூன்றாவது டின். பிறகு தன் கம்பிகளை வெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு வருத்தம் இல்லை, பயம் இல்லை. அரிசி களைகிறவளுக்கு என்ன இருக்குமோ அதுதான் இருந்தது.

இந்த வீட்டு வழக்கம் இப்படி: பூவும் வலையும் ஆண் பின்னுவான், வளையம் கட்டுவதும் கைப்பிடியும் பெண்ணின் வேலை. யார் எப்போது வகுத்த சட்டமோ தெரியாது. மசாயோவும் கம்பிப் பின்னல்காரர் வீட்டில் பிறந்தவள்தான். அப்பாவின் பலகையில் பன்னிரண்டு வயதிலேயே பூ போட்டவள். இருபத்தாறு வயதில் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த அன்றைக்கு மாமியார் ஒரு கட்டு வளையங்களைக் கையில் கொடுத்தாள். அதோடு பூ போயிற்று. முப்பத்தெட்டு வருஷம் அவர் பின்னியதை இவள் கட்டினாள். விற்கிற பெட்டியில் ஒட்டும் சீட்டில் அவர் பெயர்தான் இருக்கும். அதைப் பற்றி அவள் அதிகம் யோசித்ததில்லை. யோசித்திருந்தால் சத்தமாகவே யோசித்திருப்பாள். ஏனென்றால் அப்போதெல்லாம் அவள் வாய் எங்கள் தெருவில் பேர் போனது. ஒரு முறுக்குக் கூடிப்போனால் தோகுஜிக்கு விழும் திட்டு, மூன்று வீடு தள்ளிக் காய வைத்த துணிக்கும் கேட்கும். மசாயோ திட்ட ஆரம்பித்தால் மணி பத்து என்று தெருவில் அடுப்புப் பற்ற வைப்பார்கள்.

அந்த வாய் பிப்ரவரியில் அடைத்தது.

பேயை விரட்டும் நாள் அது. வறுத்த சோயா பயறை வாசலில் வீசி, "பேயே வெளியே போ, பாக்கியமே உள்ளே வா" என்று வீட்டுக்கு வீடு கத்துவார்கள். தோகுஜி, அளக்கும் மரப்படியில் அள்ளிய பயறோடு வாசலில் நின்றார். கையைத் தூக்கினார். பயறு வெளியே போகவில்லை, அத்தனையும் அவர் காலடியிலேயே கொட்டியது.

"பேய் என்ன உங்க கால் கட்டைவிரல்லயா இருக்கு?" என்று ஆரம்பித்தாள் மசாயோ. "கையில எலும்பு இருக்கா, கஞ்சி காச்சி ஊத்தியிருக்கா? யாரு கூட்டுறது இத? நான்தான் கூட்டணும். வருஷா வருஷம் நான்தான் கூட்டணும்." துடைப்பத்தை எடுத்து வந்தாள். அவர் காலைச் சுற்றிப் பெருக்கினாள். "காலைத் தூக்குங்க. காது கேக்கலயா, காலைத் தூக்குங்கன்னேன்." அவர் தூக்கவில்லை. அதற்கும் ஒரு பாட்டம் திட்டினாள். கடைசிப் பயறையும் முறத்தில் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். வாயின் ஒரு பாதி இறங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். சொன்னாள். "நீங்க கூட்டி முடிச்ச அந்த அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் கெட்டுப் போயிருக்காதும்மா," என்றார் அவர், நல்ல மனுஷன். அந்த வார்த்தை அவள் காது வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவள் யாரையும் ஒரு வார்த்தை உரக்கச் சொன்னதில்லை. அழவும் இல்லை. மிசோ சாறு நாக்கில் வெந்நீராக இருந்தது. ஒரு நாள் கம்பி முனை நகக்கண்ணில் ஏறி, பலகையில் ரத்தம் சொட்டியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் துணியால் துடைத்தாள். கை மரத்துப் போனது தோகுஜிக்கு என்று டாக்டர் எழுதினார். அவள் கையை யாரும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் பாய் முடைபவர் மனைவி மட்டும், "மசாயோக்கா இப்ப எவ்வளவு சாந்தமாயிட்டாங்க, கோயில் மணி மாதிரி," என்று எல்லோரிடமும் சிலாகித்தாள். மணிக்கும் யாராவது அடித்தால்தானே சத்தம் வரும்.

ஆஸ்பத்திரியில் தோகுஜிக்குப் பேச்சு திரும்பியதும் சொன்ன முதல் முழு வாக்கியம் இதுதான்: "பின்ன முடியலன்னா என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாத. இங்கேயே விட்டுட்டுப் போயிடு." சொன்னதோடு நிற்கவில்லை. நாலு நாள் கஞ்சியைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் மசாயோ மரப்பலகையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கட்டில் பக்கத்தில் வைத்தாள். அப்புறம்தான் ஸ்பூனைக் கையில் எடுத்தார்.

மே மாதம் வீட்டுக்கு வந்தார். ஜூன் முதல் தேதி பலகை முன்னால் உட்கார்ந்தார். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு ஆறு வலை, அன்றைக்கு ஒன்றை முடிக்கவே மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. வேன் வந்து வாசலில் நின்றது. அவர் வலையைப் பார்த்தார்.

"கோணலா இருக்கு," என்றார்.

"வளையத்துல கட்டினா நேராயிடும்," என்றாள் மசாயோ.

கம்பிப் பின்னல்காரர் வீட்டில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும், வளையம் எதையும் நேராக்காது. கோணலை ஊருக்குக் காட்டிக் கொடுப்பதே வளையம்தான். தோகுஜி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியா," என்று சொல்லிவிட்டு எழுந்து வேனுக்குப் போனார். சாயங்காலம் வந்து ஆணியில் மாட்டியிருந்த கரண்டியை இடது கையால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ம்," என்றார். அன்று ராத்திரி இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார். சோற்றைப் பார்த்ததும் மசாயோவுக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. இந்தப் பொய் நிற்கும்வரை இந்த ஆள் சாப்பிடுவார். பொய் விழுந்தால் கிண்ணம் கவிழும். அவ்வளவுதான் கணக்கு. மறுநாளும் பின்னினாள்.

நான்சென்ஜி கோயில் பக்கம் டோஃபு விருந்துக் கடை வைத்திருப்பவள் ஷினோ. அவள் மாமியார் காலத்திலிருந்தே அங்கே தோகுஜியின் கரண்டிதான். மேப்பிள் இலை சிவக்க ஆரம்பித்தால் அங்கே கூட்டம் தாங்காது, அதற்கு முன்னால் பன்னிரண்டு புதுக் கரண்டி வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பதினொன்று தயாரானதும் ஒரு காலை நேரம் அவளே வந்தாள். சாம்பல் நிறக் கிமோனோவில், சத்தமில்லாத நடையில், உட்காரும்போது கூட பாய்க்கு வலிக்காத மாதிரி உட்காருகிறவள்.

"ஐயாவுக்கு உடம்பு முடியலன்னு கேள்விப்பட்டேன். பாத்தா நம்பவே முடியலயே," என்று ஒரு கரண்டியை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தாள். "பூ முந்திய விட இறுக்கமால்ல இருக்கு."

"உடம்புக்கு வந்தா கைக்கும் வரணுமா?" என்றார் தோகுஜி. வலது கையைத் தொடைக்கடியில் வைத்திருந்தார். "கை வேற, உடம்பு வேற."

"அக்காவும் பக்கத்துல இருந்து ஒத்தாசை பண்றாங்க இல்ல."

"இவளா?" தோகுஜி சிரித்தார். "இவளுக்கு வளையம் கட்டத் தெரியும். பூ வராதும்மா. பொம்பள கட்டைவிரலுக்குப் பூ வராது. முப்பத்தெட்டு வருஷமா பக்கத்துல உக்காந்து பாக்குறா, இன்னும் வரல." திரும்பி மசாயோவைப் பார்த்தார். "நல்லாப் பாத்துக்க. இதுக்குப் பேர்தான் பூ."

மசாயோ டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. "ஆமாங்க," என்றாள்.

ஆனால் இடது காதுக்குக் கீழே எதுவோ சுட்டது. டீயின் ஆவியோ என்று பார்த்தாள், கெண்டி எட்டத்தில் இருந்தது. ஷினோ பதினொன்றையும் துணியில் கட்டிக்கொண்டு, மீதி ஒன்றை நாளை மறுநாள் அனுப்பினால் போதும் என்று சொல்லி எழுந்து போன பிறகும் அந்தச் சூடு அங்கேயே இருந்தது. அதற்குக் கோபம் என்று பெயர் என்பது அவளுக்கு ஞாபகம் வரவே நேரம் பிடித்தது. ஒன்பது மாதமாகப் பார்க்காத ஆளல்லவா.

மறுநாள் ஒரு மணிக்கு வேன் போயிற்று. மசாயோ பலகையிலிருந்து தோகுஜியின் வலையைக் கழற்றினாள். டின்னைத் திறக்கவில்லை. தன் கம்பியையும் வெட்டவில்லை. சாய்ந்த பூவோடும், ஒன்றும் மூன்றுமான முறுக்குகளோடும் அந்த வலையையே வளையத்தில் வைத்துக் கட்டினாள். வாழ்நாளில் அவள் கட்டியதிலேயே சுத்தமான கட்டு அதுதான். கைப்பிடியை முறுக்கி, பெட்டியில் வைத்து, தோகுஜியின் பெயர்ச் சீட்டை ஒட்டி, பஸ் ஏறிப் போய் ஷினோவின் கடைச் சமையல்கட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்தாள். ஆத்திரத்தில் செய்ததாகத் தோன்றவே இல்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது, நதியில் கொக்கு நின்றது, இரண்டும் ஒரே மாதிரி விஷயமாக இருந்தன. நாலரைக்கு வேனில் வந்து இறங்கியதும் தோகுஜி ஆணியைப் பார்த்தார்.

"இன்னிக்குது எங்க?"

"ஷினோம்மாவுக்குக் கொடுத்துட்டேன்."

"நான் பாக்கலயே."

"நல்லா இருந்துதுங்க," என்றாள்.

மூன்றாம் நாள் ஷினோ வந்தாள். கையில் டர்னிப் ஊறுகாய்ப் பெட்டி. அதைப் பார்த்ததுமே தோகுஜியின் முகம் மாறியது. எங்கள் ஊர்க்காரர்கள் குறை சொல்ல வரும்போது வெறுங்கையோடு வரமாட்டார்கள். குறையையும் வெறும் வாயால் சொல்லமாட்டார்கள், சர்க்கரையில் புரட்டித்தான் கொடுப்பார்கள்.

ஷினோ குளிரைப் பற்றிப் பேசினாள். இந்த வருஷம் இலை சிவக்கத் தாமதமாவது பற்றிப் பேசினாள். மசாயோ வைத்த டீயை இரண்டு வாய் குடித்தாள். "அப்புறம், அந்தப் பன்னண்டாவது வந்துது," என்றாள். "ரொம்ப சுவாரஸ்யமான வேலை. சமையல்காரங்கள்லாம் கூடிக் கூடிப் பாக்குறாங்க. இத வெந்நீர்ல விடவே மனசு வரலன்னா பாத்துக்கோங்க. அலமாரியில வெச்சுப் பாக்க வேண்டியது, டோஃபு அள்ளினா பாவம்."

உங்கள் சாமானை இந்த ஊரில் ஒருவர் சுவாரஸ்யம் என்று சொன்னால் மண்ணில் புதைந்துகொள்ள இடம் தேடலாம். ஷினோ துணியைப் பிரித்துக் கரண்டியைப் பாயில் வைத்தாள். வைத்தவிதம் ரொம்ப மரியாதையாக இருந்தது.

தோகுஜி இடது கையால் எடுத்தார். கட்டைவிரல் பூவின்மேல் போயிற்று. சாய்ந்த இதழ்களை ஒவ்வொன்றாகத் தடவி, முறுக்காமல் மடித்துவிட்ட இடத்தில் வந்து நின்றது. மசாயோ எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கட்டும். 'இது ஏது, யார் அனுப்பினது' என்று கேட்கட்டும். சொல்லிவிடலாம். மூன்று டின்னையும் கொண்டுவந்து பாயில் கொட்டிவிடலாம். அப்புறம் கிண்ணம் கவிழ்ந்தால் கவிழட்டும் என்றுகூட அந்த நிமிஷத்தில் நினைத்தாள்.

"இது இவ பின்னினது," என்றார் தோகுஜி.

ஷினோவின் கண் மசாயோ பக்கம் திரும்பியது.

"நான் பாக்காம விட்டுட்டேன். ஆசைப்பட்டு ஒண்ணு பின்னிப் பாத்திருக்கா. பெட்டி மாறிப்போச்சு." தலையைத் தாழ்த்தினார். "மன்னிக்கணும்."

முப்பத்தெட்டு வருஷத்தில் மசாயோவின் பேர் சொல்லி இந்த வீட்டை விட்டு வெளியே போன முதல் கரண்டி இதுதான், இதை அவள் பின்னவில்லை. காதுக்குக் கீழே மறுபடி சுட்டது. வாயைத் திறந்தாள். அப்போது தோகுஜியின் வலது கை கண்ணில் பட்டது. தொடைக்கடியிலிருந்து நழுவிப் பாயில் விழுந்து கிடந்தது. அது விழுந்தது அவருக்கே தெரியவில்லை.

மசாயோ இரண்டு கையையும் பாயில் ஊன்றிக் குனிந்தாள். "என் கைதாங்க. மன்னிச்சிடுங்க."

"அப்படியா," என்றாள் ஷினோ. அவரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். அவள் கண்ணில் என்ன ஓடியது என்று சொல்ல முடியாது, அது கடைக்காரியின் கண். "அக்கா கையா. அப்ப இத நானே வெச்சுக்குறேன். எங்க வீட்ல அக்கா கைவேலை ஒண்ணுகூட இல்ல பாருங்க." கரண்டியை மறுபடி துணியில் சுற்றினாள். வாசல்வரை வழியனுப்பப் போன மசாயோவின் முழங்கையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள்.

மசாயோ திரும்பி வந்து டீக் கிண்ணங்களை எடுத்தாள்.

"ஏன் ஒத்துக்கிட்ட?" என்றார் தோகுஜி.

"நீங்க சொன்னீங்க, நான் ஆமான்னேன்."

"நான் சொன்னா ஆமாம்பியா? நீயா?"

தட்டில் கிண்ணங்களை அடுக்கினாள்.

"அது என்னோடது. என் கோணல் எனக்குத் தெரியாதா? மத்த பதினொண்ணும் உன்னோடது. அதுவும் தெரியும்."

ஐந்து மாதமாகக் கட்டிக் காத்தது இவ்வளவு சுலபமாக விழுந்துவிட்டது. தரை ஆடும் என்று காத்திருந்தாள். ஆடவில்லை. "எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

"மொத நாள்லேர்ந்து. என் பூவுல கடைசி இதழ் தூங்கும். கட்டைவிரல் சலிச்சுப் போயி அங்க கொஞ்சம் படுத்துக்கும். நாப்பது வருஷமா தூங்குது, நீயே ஆயிரம் தடவ சொல்லிக் காட்டியிருக்க. அன்னிக்கு நீ மாட்டி வெச்சதுல எல்லா இதழும் முழிச்சிக்கிட்டு நின்னுது."

அந்த இதழைத் தூங்க வைக்க அவளும் பார்த்தாள்தான். முதல் நாள் மூன்று கம்பிக் கட்டு வீணாயிற்று. தெரிந்தே தப்பாகப் பின்ன அவள் விரல் மறுத்துவிட்டது. அவர் எங்கே கவனிக்கப் போகிறார் என்று விட்டுவிட்டாள். உண்மையில் அவள் அப்பா கற்றுக்கொடுத்த பூவை அவளால் கெடுக்க முடியவில்லை.

"தெரிஞ்சும் தினம் தினம் எதுக்கு உக்காந்து பின்னினீங்க?"

"நீ சொல்லுவேன்னுதான்." அவர் குரல் குழறியது. அசதியாக இருந்தால் இப்போதெல்லாம் குழறும். "'இதெல்லாம் ஒரு வேலையா, தூக்கிக் குப்பையில போடு மனுஷா'ன்னு ஒரு நாள் கத்துவ, கத்துவன்னு பாத்தேன். நாளுக்கு நாள் மோசமாப் பின்னினேன். நீ 'நல்லா இருக்குங்க'ங்கற. செத்தவன் படத்துக்கு முன்னாடி சோறு வெச்சிட்டுப் பேசுற மாதிரியே பேசுற. அன்னிக்கு ஷினோம்மா முன்னாடி உன்ன வேணும்னே மட்டம் தட்டினேன். அதுக்கும் டீ ஊத்துற."

"இன்னிக்குச் சொன்னதும் வேணும்னேதானா?"

தோகுஜி பாயைப் பார்த்தார். "இல்ல. அது பயத்துல வந்துது. அவங்க முன்னாடி என் பேர் போயிடும்னு பயம். அது அசிங்கம்தான். மன்னிப்புக் கேக்கணும், அப்புறம் கேக்குறேன். மொதல்ல நீ என்னைத் திட்டு."

"முடியாதுங்க."

"ஏன்?"

"கடைசியாத் திட்டினப்ப..." என்று ஆரம்பித்தாள். மேலே போகவில்லை.

"தெரியும். கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்." அவர் இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கண்ணு இருட்டிப்போச்சு. வாசல் எந்தப் பக்கம்னு தெரியல. என்ன ஆகுதுன்னே புரியல எனக்கு. உன் கொரல் மட்டும் கேட்டுது. நீ நிறுத்தவே இல்ல. அதப் பிடிச்சிக்கிட்டுத்தான் விழாம நின்னேன். நீ திட்டுறத நிறுத்தின பிறகுதான் எனக்குப் பயமே வந்துது. இன்னும் போகல."

மசாயோ தட்டைக் கீழே வைத்தாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"முட்டாள்," என்றாள். கடைப் பெயர்ப்பலகையை வாசிக்கிற மாதிரி இருந்தது.

"ம். அப்புறம்?"

"பொய் சொல்ற மனுஷன்."

"எனக்கே கேக்கல."

"பொய்... அஞ்சு மாசமா..." அவளுக்கு வார்த்தை வரவில்லை. எத்தனை வார்த்தை வைத்திருந்தவள், எல்லாம் எங்கே போயிற்று என்று தேடினாள். தொண்டையில் எதுவோ குறுக்கே கிடந்தது. விழுங்கிப் பார்த்தாள், போகவில்லை. வலித்தது. வலிக்கிறது என்பது தெரிந்தது.

"சத்தமா," என்றார் தோகுஜி.

"காலைத் தூக்குங்கன்னு சொன்னேன்ல!" மசாயோ கத்தினாள். "எத்தன தடவ சொன்னேன்! தூக்க முடியலடின்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா, ஒரு சத்தம் போடக் கூடாதா, நான் பாட்டுக்குக் கூட்டிக்கிட்டே இருந்தேனே, மனுஷா, கூட்டிக்கிட்டே இருந்தேனே!"

தோகுஜி அவளைத் தடுக்கவில்லை. குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "இன்னும்," என்றார்.